நியூ ஓலியன்ஸ் நகரப் பட்டயப் பாடசாலைகள்: புள்ளிகளும் பிள்ளைகளும்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பால், மிசிசிப்பி ஆறு கடலை அணுகுமிடத்தே அமைந்தது நியூ ஓலியன்ஸ் நகரம். அதன் பாடசாலைகளைக் குறித்து எழுதுவோர் இருசோடி எண்களை மீண்டும் மீண்டும் எடுத்தாளுவர். மாநிலப் பரீட்சைகளில் அடிப்படைத் தரத்தையேனும் அதற்கு மேற்பட்ட தரத்தையேனும் எய்திய மாணாக்கர் 2005 இல் நூற்றுக்கு 35 பேர். 2014 இல் நூற்றுக்கு 62 பேர். உயர்நிலைக் கல்வியை உரிய காலத்தில் முடித்தோர் 2004 இல் நூற்றுக்கு 54 பேர். பத்தாண்டின் பின் நூற்றுக்கு 73 பேர். இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவை இரண்டு. ஒன்று, 2005 ஆகத்து 29 இல் அந்நகரை அழித்த கத்ரீனா என்னுஞ் சூறாவளி. மற்றையது, அதன்பின் நகரத்துப் பாடசாலைகள் பட்டயப் பாடசாலைகளாக மாற்றப்பட்டமை. எண்களையும் இம்மாற்றத்தையும் அருகருகே நிறுத்தி, முன்னதற்குப் பின்னதே காரணமெனத் துணிந்தோர் அரசியலாளருள்ளும் பத்திரிகையாளருள்ளும் கல்விக்குக் கொடை வழங்குஞ் செல்வருள்ளும் பலர்.

இத்துணிபை எடுத்த எடுப்பிலே தள்ளிவிடுதல் எளிது. ஏற்றுக்கொள்ளுதல் அதனினும் எளிது. முதற்கண் ஆராயத்தக்கது பிறிதொன்று. முதலெண்ணுக்குரிய பிள்ளைகளும் இரண்டாமெண்ணுக்குரிய பிள்ளைகளும் ஒரே கூட்டத்தினரா என்பதே அது. பரீட்சைப் புள்ளி பாடசாலையைப் பற்றிய கூற்றுப் போலத் தோன்றினும் உண்மையில் அப்பாடசாலையில் அன்று அமர்ந்திருந்த பிள்ளைகளைப் பற்றிய கூற்றாகும். பிள்ளைகள் மாறியிருப்பின் புள்ளி மாறியதில் வியப்பில்லை.

பட்டயப் பாடசாலையின் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். அமெரிக்கர் சார்ட்டர் பாடசாலை என்று வழங்கும் இஃது அரசினர் பணத்தால் நடப்பது. பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காதது. ஆயினும் ஊர்க்கல்விச்சபையின் நேரடி ஆட்சிக்கு உட்படாதது. தனித்ததொரு நிருவாகக் குழு சில ஆண்டுகளுக்குப் பட்டயம் என்னும் உடன்படிக்கையைப் பெற்று அதனை நடத்தும். ஆசிரியரை நியமித்தலும் நீக்குதலும், பாடநேரத்தை வகுத்தலும், பணத்தைச் செலவிடுதலும் அக்குழுவின் கையிலுள்ளன. உறுதியளித்த பயன் கிட்டாதவிடத்துப் பட்டயம் பறிக்கப்படும். இவ்வெண்ணத்தை 1988 இல் நாடறியச் செய்தவர் ஆசிரியர் சங்கத் தலைவராகிய அல்பேர்ட் சாங்கர் என்பது பலர் மறந்த செய்தி. ஆசிரியர்கள் தாமே புதிய கற்பித்தல் முறைகளைச் சோதித்துப் பார்த்தற்குரிய சிறு களங்களாகவே அவர் அவற்றைக் கருதினார். 1991 இல் மினசோட்டா மாநிலம் முதற்சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டில் அம்மாநிலத்துச் சென் போல் நகரில் முதற்பாடசாலை திறக்கப்பட்டது. நாளடைவில் எண்ணம் வேறு திசையிற் சென்றதைக் கண்ட சாங்கர் தாமே அதனைக் கைவிட்டார். நியூ ஓலியன்ஸ் அடங்கிய லூயிசியானா மாநிலம் 1995 இல் தன் சட்டத்தை இயற்றிற்று.

சூறாவளிக்கு முன்னிருந்த பாடசாலைகள் நன்னிலையில் இருந்தன என்று கூறுவார் எவருமிலர். கல்விச்சபையின் கணக்குகள் சீர்கெட்டிருந்தன. ஊழலை விசாரிக்க வந்த மத்திய அரசின் புலனாய்வாளர் சபையின் கட்டடத்துள்ளேயே இருக்கை அமைத்துக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. 2003 இல் ஓர் உயர்நிலைப் பாடசாலையிலே தன் வகுப்பில் முதலிடம் பெற்ற மாணாக்கி மாநில இறுதிப் பரீட்சையின் கணிதப் பகுதியிற் பலமுறை தோற்றியுஞ் சித்தியெய்தவில்லை. அப்பிள்ளையின் குறையன்று அது. பாடசாலை அளித்த புள்ளிக்கும் பிள்ளை பெற்ற கல்விக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்ததென்பதை அஃதொன்றே காட்டும்.

இந்நிலை தானாக வந்ததன்று. 1960 நவம்பர் 14 இல் ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி மத்திய அரசின் காவலர் சூழ வில்லியம் பிரான்ஸ் பாடசாலையினுட் புகுந்தாள். அன்றே வெள்ளையினப் பெற்றோர் தம் பிள்ளைகளை அங்கிருந்து அழைத்துச் சென்றனர். அதன்பின் வந்த ஆண்டுகளில் வெள்ளையினத்தவர் புறநகர்களுக்கும் தனியார் பாடசாலைகளுக்கும் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கும் பெயர்ந்தனர். வசதி படைத்த கறுப்பினக் குடும்பங்கள் சிலவும் அவ்வழியே சென்றன. சூறாவளிக்கு முந்திய கல்வியாண்டில் அரசினர் பாடசாலைகளில் ஏறக்குறைய 65,000 பிள்ளைகள் இருந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 93 அல்லது 94 பேர் கறுப்பினத்தவர். நூற்றுக்கு முக்காற்பங்கினர் வறுமை காரணமாக இலவசமாகவேனும் குறைந்த விலைக்கேனும் மதிய உணவு பெறும் உரிமையுடையோர். ஆகவே பாடசாலைகள் தோல்வியுற்றன என்னுங் கூற்று, எந்தப் பிள்ளைகளுக்கெனப் பாடசாலைகளை விட்டுவிட்டு ஏனையோர் வெளியேறினர் என்னுங் கேள்வியையுந் தன்னுட் கொண்டுள்ளது. பட்டய முறையைப் போற்றுவோர் தங்கதையை 2005 இலேயே தொடங்குதல் ஒருவகையிற் பொருந்தும். அவர்க்கு அதற்கு முந்திய ஐம்பதாண்டு தேவையில்லை.

சூறாவளியால் நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கிற்று. மக்கள் நாடெங்குஞ் சிதறினர். பாடசாலைக் கட்டடங்கள் பல அழிந்தன. இந்நிலையில், நவம்பர் மாதத்திலேயே, மாநிலச் சட்டசபை 35 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. இச்சட்டத்தின் ஒரு நுணுக்கம் தனியே நோக்கற்பாலது.

தவறிய பாடசாலைகளைப் பொறுப்பேற்றற்கென மீட்புப் பாடசாலை மாவட்டம் என்னும் மாநில அமைப்பு 2003 இலேயே ஏற்படுத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு பாடசாலைக்கும் மாநிலம் ஒரு தரப்புள்ளி வழங்கிவந்தது. அப்புள்ளி 60 இற்குக் கீழ்ப்பட்டாற் பாடசாலை தவறியதாகக் கருதப்பட்டது. 35 ஆம் இலக்கச் சட்டம் இவ்வெல்லையை மாநிலச் சராசரியாகிய 87.4 இற்கு உயர்த்திற்று. அவ்வுயர்வும் எல்லா ஊர்களுக்கும் உரியதன்று. தவறிய பாடசாலைகள் மிகுந்த மாவட்டங்களுக்கு மட்டும் என்னும் நிபந்தனையால் நடைமுறையில் நியூ ஓலியன்ஸ் நகரையே அது தாக்கிற்று. முதல்நாள் வரை சித்தியெனப்பட்ட பாடசாலை, தன் புள்ளி ஒன்றுங் குறையாமலே, மறுநாள் தவறியதாயிற்று. சராசரிக்குக் கீழ் எப்பொழுதும் சிலர் இருந்தே தீருவர் என்பது கணிதத்தின் தொடக்கப் பாடம். சட்டசபை அதனை அறியாதிருந்தது எனக் கொள்ளற்கில்லை. இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் நகரக் கல்விச்சபையின் கையினின்று மீட்பு மாவட்டத்திற்குச் சென்றன. சபையின் வசம் எஞ்சியவை பெரும்பாலும் உயர்ந்த புள்ளி பெற்ற சில பாடசாலைகளே.

பாடசாலைகள் கைமாறவே ஆசிரியரும் வேலையிழந்தனர். 2006 இன் தொடக்கத்தில் ஆசிரியருட்பட 7,000 இற்கு மேற்பட்ட ஊழியர் நீக்கப்பட்டனர். ஆசிரியர் சங்கத்தின் கூட்டொப்பந்தம் அவ்வாண்டு நடுப்பகுதியிற் காலாவதியாயிற்று, அது புதுப்பிக்கப்படவில்லை. நீக்கப்பட்டோர் தொடுத்த வழக்கிற் கீழ்நீதிமன்றங்கள் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோதிலும், 2014 இல் மாநில உயர்நீதிமன்றம் அதனை மாற்றிற்று. அடுத்த ஆண்டில் நாட்டின் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. மத்திய அரசின் கல்விச் செயலாளராயிருந்த ஆண் டங்கன் 2010 இல், இந்நகரின் கல்விக்கு நேர்ந்தவற்றுள் மிக நல்லது அச்சூறாவளியே என்னும் பொருள்படப் பேசிப் பின்னர் வருந்தினார். பொருளியலறிஞர் மில்ற்றன் பிறீட்மன் 2005 டிசம்பரிலேயே அவ்வழிவை ஒரு வாய்ப்பாகக் கொள்ளுமாறு எழுதியிருந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்து, உடல்கள் யாவும் இனங்காணப்படுமுன்னரே இச்சொற்கள் அச்சேறின என்பதை அந்நகரத்தார் மறந்திலர்.

இனி எண்களுக்கு மீளலாம். வெள்ளம் வடிந்தபின் எல்லோரும் ஒருங்கே திரும்பினாரல்லர். சொந்த வீடும் காப்புறுதியும் உடையோர்க்குத் திரும்புதல் எளிதாயிற்று. வாடகைக்குக் குடியிருந்தோர்க்கு அரிதாயிற்று. தாழ்ந்த நிலப்பகுதிகளிற் கறுப்பின வறியோரே மிகுதியும் வாழ்ந்தமையின் வீடிழந்தோருள்ளும் அவரே மிக்கிருந்தனர். நகரசபை 2007 டிசம்பரில் ஏறக்குறைய 4,500 அரசினர் வாடகைக் குடியிருப்புகளை இடித்தற்கு ஒப்புதல் அளித்தது. மாணாக்கர் தொகை சூறாவளிக்கு முன்னிருந்த அளவை மீண்டும் எய்தவேயில்லை. ஆகவே பட்டய முறையைக் கண்டிப்போர் கூறும் வாதம் வெளிப்படையானது. வறிய பிள்ளைகள் ஊரைவிட்டுப் போயினர். எஞ்சியோரின் சராசரி உயர்ந்தது. உயர்ந்தது கல்வியன்று, கூட்டத்தின் அமைப்பே என்பர்.

இவ்வாதம் கேட்குந்தோறும் உண்மையாகத் தோன்றும். அளந்து பார்க்குமிடத்துத் தளரும். நகரத்திற் பிள்ளைகளின் வறுமை 2007 அளவிற் சற்றுத் தணிந்ததாயினும், 2013 அளவிற் சூறாவளிக்கு முந்திய நிலையையே ஏறக்குறைய மீண்டும் எய்திற்று. நியூ ஓலியன்ஸ் நகரத்துத் துலேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஹரிஸ் என்னும் பொருளியலறிஞரும் அவருடன் உழைத்தோரும் இப்பொருளை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தனர். அவர் கையாண்ட வழி இரண்டு. சூறாவளிக்கு முன்னும் பின்னும் அந்நகரிலேயே பயின்ற அதே பிள்ளைகளின் புள்ளிகளை ஒப்பிட்டமை ஒன்று. வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே வகுப்பிலிருந்த பிள்ளைகளை ஒப்பிட்டு, மக்கட்டொகை மாற்றத்தைக் கணக்கிற் கழித்தமை மற்றொன்று. இரண்டிலும் கத்ரீனாவாலும் அடுத்த மாதம் வந்த றீற்றா என்னுஞ் சூறாவளியாலும் பாதிக்கப்பட்ட, ஆயின் பாடசாலை முறையை மாற்றாத, அயன்மாவட்டங்களின் பிள்ளைகளை அளவுகோலாக எதிரே நிறுத்தினர். மக்கட்டொகை மாற்றத்தாற் கூடிய ஏற்றம் முழுதில் ஒரு சிறுபகுதியே எனக் கண்டனர். அன்றியும், வீடிழந்து ஊர் ஊராக அலைந்த பிள்ளையின் மனத்துயர் புள்ளியைத் தாழ்த்துமேயன்றி உயர்த்தாது என்பதையும் அவர் கருத்திற் கொண்டனர்.

அவ்வாய்வின் முடிபு 2018 இல் விரிவாக வெளிவந்தது. நூறு மாணாக்கரைத் தகுதி வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் மாணாக்கன் 11 முதல் 16 இடம் வரை முன்னேறும் அளவிற்குப் பரீட்சைப் பேறு உயர்ந்தது. உயர்நிலைக் கல்வியை முடிப்போர் தொகை நூற்றுக்கு 3 முதல் 9 வரையும், கல்லூரி புகுவோர் தொகை நூற்றுக்கு 8 முதல் 15 வரையும், கல்லூரிப் பட்டம் பெறுவோர் தொகை நூற்றுக்கு 3 முதல் 5 வரையும் கூடின. கல்வி ஆய்வுகளில் இத்துணைப் பெரிய ஏற்றம் அரிதாகவே காணப்படும். பரீட்சைக்கென்றே பழக்கிப் பெற்ற போலிப்பேறு இஃதென்று கூறுவார்க்குக் கல்லூரிப் பட்டம் பெற்றோர் தொகை தக்க விடையாகும். பாடசாலைப் பரீட்சைக்குப் பழக்கியவர் நாலாண்டின் பின் வரும் பட்டத்திற்கும் பழக்கினர் என்றல் பொருந்தாது. ஏற்றம் உண்மையே. கண்டிப்போர் இதனை ஒப்புக்கொள்ளாதவரை அவர் கூறும் ஏனைய உண்மைகளுக்கு மதிப்பிராது.

ஆயினும், ஒப்பிட்டுக் கழித்துப் பெற்ற இவ்வெண்களுக்கும் கட்டுரையின் தொடக்கத்திற் குறித்த வெற்றெண்களுக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குக. உயர்நிலைக் கல்வி முடித்தோர் தொகை 54 இலிருந்து 73 ஆயிற்று எனின் ஏற்றம் 19. ஆய்வாளர் சீர்திருத்தத்தின் பயனெனக் கண்டது 3 முதல் 9 வரையே. எஞ்சியது அதே காலத்தில் மாநிலம் முழுவதிலும் பிற காரணங்களால் நிகழ்ந்த ஏற்றத்தையும் கணக்கிடும் முறைகளில் வந்த மாற்றங்களையுஞ் சாரும். மேடைகளில் வழங்குவது 19. நூல்களுள் அடங்கிக் கிடப்பது 3 முதல் 9. போற்றுவோர் பொய் கூறினாரல்லர். உண்மையான எண்ணைத் தகாத வேலைக்கு ஏவினர்.

ஏற்றம் உண்மையெனின் அதனை விளைத்தது யாது என்னும் வினா எழும். பட்டயம் தந்த சுதந்திரமே என்பது பலர் விடை. ஆய்வுகள் சுட்டும் விடை அவ்வளவு இன்பமானதன்று. ஏற்றத்தின் 25 முதல் 40 வரையான நூற்றுவீதம், தாழ்ந்த பாடசாலைகளை மூடியமையாலும் வேறு குழுவிடம் ஒப்படைத்தமையாலும் வந்தது. அதாவது பாடசாலைகள் தம் விருப்பப்படி நடந்தமையால் வந்ததைப் போலவே, மேலிருந்த அதிகாரி இரக்கமின்றி வாள் வீசியமையாலும் வந்தது. பிள்ளையொருவனுக்கான நடைமுறைச் செலவு, ஒப்பிடத்தக்க மாவட்டங்களை நோக்க, நூற்றுக்கு 13 வீதம் கூடியது. அப்பணம் சென்ற இடம் நகைப்பிற்குரியது. நிருவாகச் செலவு நூற்றுக்கு 66 வீதம் ஏற, கற்பித்தற் செலவு நூற்றுக்கு 10 வீதம் இறங்கிற்று. கல்விச்சபை அலுவலகத்தின் வீண்செலவைக் கண்டித்தெழுந்த முறை, பாடசாலைதோறும் ஓர் அலுவலகத்தை நிறுவிற்றுப் போலும். இவையன்றிக் கட்டடங்களுக்கென 2010 இல் மத்திய அரசு உடன்பட்ட தொகை 180 கோடி டொலர். எந்நகருக்கும் எளிதிற் கிட்டாத பேறு அது.

கற்பித்தற் செலவு குறைந்ததன் காரணம் ஆசிரியர் கூட்டத்தில் நேர்ந்த மாற்றத்தில் உள்ளது. முன்னைய ஆசிரியர் நீக்கப்பட்ட இடத்திற் பிற நகரங்களிலிருந்து வந்த இளைஞர் அமர்ந்தனர். அனுபவங் குறைந்தோர்க்குச் சம்பளமுங் குறைவு. 2003-04 இல் ஆசிரியருள் நூற்றுக்கு 71 பேர் கறுப்பினத்தவர். 2013-14 இல் 49 பேர். மாணாக்கர் கூட்டத்தில் இன விகிதம் சிறிதே மாறியிருக்க, ஆசிரியர் கூட்டத்தில் இவ்வளவு மாறிற்று. ஐந்தாண்டும் அதற்குக் குறைந்த அனுபவமும் உடையோர் மூன்றிலொரு பங்கினராயிருந்த நிலை போய்ப் பாதிக்கு மேற்பட்டனர். ஆசிரியத் தொழில் அந்நகரின் கறுப்பினத்தவர்க்குத் தலைமுறை தலைமுறையாக நடுத்தர வாழ்வுக்குரிய வாயிலாயிருந்தது. அதனைப் பெரிதும் தாங்கியவர் பெண்கள். மாணாக்கர் தொகையைப் பற்றிய ஆய்வில் ஆசிரியரைப் பற்றிப் பேசுவதேன் என்பார்க்கு விடை உண்டு. நீக்கப்பட்ட ஆசிரியை அப்பாடசாலைப் பிள்ளைகளின் தாயாகவும் பெரியதாயாகவும் அயல்வீட்டுக்காரியாகவும் இருந்தவள். அவள் சம்பளம் நின்றபோது நகரத்து வறுமைக் கணக்கிற் கூடியது ஒரு வீடு. பரீட்சைப் புள்ளியை ஒரு பேரேட்டிலும் இவ்விழப்பை வேறொரு பேரேட்டிலும் எழுதிவைத்தலே இந்நகரைப் பற்றிய கணக்குகளின் பெருங்குறை.

இனி மாவட்டச் சராசரி என்னும் எண்ணின் உள்ளே புகுந்து நோக்கவேண்டும். மீட்பு மாவட்டத்தின் வெளியே, நகரக் கல்விச்சபையின் கீழ் எஞ்சிய பாடசாலைகளுட் சில மாணாக்கரைப் பரீட்சித்துத் தெரிந்து சேர்ப்பன. பெஞ்சமின் பிராங்கிளின் உயர்நிலைப் பாடசாலை அத்தகையது. நாட்டின் சிறந்த பாடசாலைகளுள் ஒன்றாகப் பேசப்படுவது. அதுவும் சூறாவளியின் பின் பட்டயப் பாடசாலையாயிற்று. அரசினர் பாடசாலைகளிற் கற்கும் வெள்ளையினப் பிள்ளைகள் எண்ணிற் சிலர். அவருட் பெரும்பாலோர் இத்தகைய சில பாடசாலைகளிலேயே செறிந்துள்ளனர். மீட்பு மாவட்டத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஏறக்குறையப் பிள்ளைகள் அனைவருமே கறுப்பினத்தவர். இருதிறத்துப் பாடசாலைக்கும் பட்டயம் என்னும் பெயர் ஒன்றே. ஒரே பெயரின் கீழ் இரண்டையுங் கூட்டி வகுத்துப் பெறுஞ் சராசரி இரண்டில் எதனையும் விளக்காது. நகரத்துப் பிள்ளைகளுள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் தனியார் பாடசாலைகளிற் கற்றலின், அக்கணக்கினுள் அவர் வருவதேயில்லை. யார் யார் எண்ணப்பட்டனர் என்று கூறாத சராசரி, பெயரெழுதாத வினாத்தாளை ஒக்கும்.

பெற்றோர் தாம் விரும்பிய பாடசாலையைத் தெரியலாம் என்பது இம்முறையின் பெருமையாகப் பேசப்பட்டது. நடந்தது அடிக்கடி மறுதலையானது. பள்ளி அதிபர் முப்பதின்மரிடம் நிகழ்த்திய ஓர் ஆய்வில் மூன்றிலொரு பங்கினர், தமக்கு வேண்டிய பிள்ளைகளைத் தேடிச் சேர்த்ததையோ வேண்டாத பிள்ளைகளைத் தவிர்த்ததையோ ஒப்புக்கொண்டதாக 2015 இல் அறிவிக்கப்பட்டது. வெற்றிடம் இருந்தும் அதனை வெளியே சொல்லாமை அவ்வழிகளுள் ஒன்று. உடற்குறையும் கற்றற்குறையும் உடைய பிள்ளைகளைப் பாடசாலைகள் ஏற்கவில்லை அல்லது ஏற்றும் உரிய உதவி அளிக்கவில்லை என்று 2010 இல் குடும்பங்கள் சில வழக்குத் தொடுத்தன. அது சில ஆண்டுகளின் பின் நீதிமன்ற மேற்பார்வையோடு கூடிய உடன்பாட்டில் முடிந்தது. அதிபர்களைக் கொடியோர் என்றல் முறையன்று. புள்ளி குறைந்தாற் பாடசாலை மூடப்படும் என்னும் வாள் தலைமேல் தொங்குமிடத்து, புள்ளியைக் குறைக்கும் பிள்ளை விருந்தினனாகத் தோன்றமாட்டான். முறையே அவ்வெண்ணத்தைத் தூண்டிற்று.

அம்முறை தன்னைத் தானே திருத்திக்கொண்டமையும் ஈண்டு நேர்மையாகக் குறிக்கத்தக்கது. 2012 இற் பொதுவான சேர்ப்புமுறை ஒன்று ஏற்பட்டது. பெற்றோர் பல பாடசாலைகளை விருப்ப வரிசையில் எழுதிக் கொடுக்க, இடங்கள் மையத்திலிருந்து பங்கிடப்பட்டன. பிள்ளைகளை வெளியேற்றும் அதிகாரமும் அக்காலத்திற் பாடசாலைகளின் கையினின்று பொது அலுவலகத்திற்கு மாற்றப்பட்டது. இவற்றாற் பிழைகள் குறைந்தன. ஆயினும் கட்டற்ற சுதந்திரம் நன்மை விளைக்கும் என்னுங் கொள்கை, அச்சுதந்திரத்தைக் கட்டிய பின்னரே செம்மையுற்றது என்பதனை அக்கொள்கையினர் உரக்கக் கூறுவதில்லை.

புள்ளியின் மேல் ஏற்றப்பட்ட பெருஞ்சுமையின் விளைவு பிறிதொரு வகையிலும் வெளிப்பட்டது. 2019 இல் ஜோன் எவ். கென்னடி உயர்நிலைப் பாடசாலையில் இறுதியாண்டு மாணாக்கர் பட்டமளிப்பு விழாவிற் கலந்துகொண்ட பின், அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் கல்வியை முடித்தற்கு வேண்டிய நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்பது தெரியவந்தது. புள்ளிகள் மாற்றப்பட்ட செய்தியும் வெளிவந்தது. அதனை நடத்திய பட்டயக் குழு தன் பொறுப்பைக் கைவிட்டது. 2003 இல் முதலிடம் பெற்ற மாணாக்கிக்கு நேர்ந்ததற்கும் இதற்கும் இடையே பதினாறு ஆண்டும் ஒரு முழுச் சீர்திருத்தமும் கழிந்திருந்தன. ஒரு பாடசாலையைக் கொண்டு எழுபதிற்கு மேற்பட்ட பாடசாலைகளை மதிப்பிடுதல் கூடாது. ஆயினும் சபையின் ஆட்சி நீங்கியதும் ஏமாற்றும் நீங்கும் என்று எதிர்பார்த்தோர்க்கு இது விளக்கவேண்டிய நிகழ்ச்சியாகும்.

நியூ ஓலியன்ஸ் கண்ட ஏற்றத்தைப் பிறவிடங்களிலும் பெறலாம் என்று கருதி, அதன் மீட்பு மாவட்டத்தை அடியொற்றி வேறிரண்டு மாநிலங்கள் அமைப்புகளை நிறுவின. டெனிசி மாநிலம் 2010 இல் ஒன்றை ஏற்படுத்தி மெம்பிஸ் நகரத்துப் பாடசாலைகள் பலவற்றை அதன்கீழ்க் கொணர்ந்தது; ஆண்டுகள் பல கடந்தும் ஒப்பிடத்தக்க பிற பாடசாலைகளை விட அவை மேம்பட்டன என ஆய்வாளர் கண்டிலர். மிச்சிகன் மாநிலம் டிற்றோயிற் நகரத்தில் நிறுவிய அமைப்பு 2017 இற் கலைக்கப்பட்டது. பட்டயம் அங்கும் இருந்தது. அதிகாரியின் வாளும் இருந்தது. இல்லாதவை, வெள்ளத்தின் பின் வந்த பெரும்பணமும், நாடெங்கும் இருந்து தொண்டுணர்வோடு ஓடிவந்த இளைஞர் படையும், ஊர்மக்கள் சிதறிக் கிடந்தமையால் எதிர்ப்பின்றிச் செய்யமுடிந்த மாற்றங்களுமே. இறுதியிற் கூறிய காரணம் போற்றுவோரின் நூல்களில் அரிதாகவே இடம்பெறும்.

மீட்பு மாவட்டம் 2014 இல் தன்கீழ் எஞ்சிய ஐந்து வழக்கமான பாடசாலைகளையும் மூடி, முழுதும் பட்டயப் பாடசாலைகளாலான முதல் மாவட்டமாயிற்று. அதன்பின் ஈராண்டில் மாநிலச் சட்டசபை 91 ஆம் இலக்கச் சட்டத்தால் அப்பாடசாலைகளை நகரத்தார் வாக்களித்துத் தெரியும் கல்விச்சபையிடமே திருப்பி அளிக்கத் தீர்மானித்தது. 2018 நடுப்பகுதியில் அது நிறைவேறிற்று. சபை மேற்பார்வையாளராக மட்டுமே மீண்டது. பாடசாலைகளைத் தனித்தனிக் குழுக்களே நடத்தின. ஏற்றத்தின் வேகமும் 2013 அளவின் பின் தளர்ந்துவிட்டது. மாநிலம் பரீட்சைகளைக் கடினமாக்கியபின் அடிப்படைத் தரம் என்னும் பழைய எல்லைக்கு மாறாகத் தேர்ச்சித் தரம் என்னும் உயர்ந்த எல்லை பேசப்படலாயிற்று. அவ்வெல்லையால் அளக்குமிடத்து நகரத்துப் பிள்ளைகள் மாநிலச் சராசரிக்கு இன்னுங் கீழேயே நிற்கின்றனர். 2005 இல் தோல்விக்கு இலக்கணமாகக் கொள்ளப்பட்டது மாநிலச் சராசரியே. அவ்விலக்கணத்தை இன்று எவரும் எடுத்துப் பேசுவதில்லை.

மாணாக்கர் கூட்டமும் மீண்டும் மாறிவருகின்றது. நகரைத் திரும்பக் கட்டுதற்கு வந்த தொழிலாளரின் பின்னே மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் பெருகின; அவர்தம் பிள்ளைகள் இசுப்பானிய மொழி பேசுவோர். நகரின் கிழக்கே நெடுங்காலம் வாழும் வியற்நாமியரின் பிள்ளைகளும் உளர். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளை, பத்து மைலுக்கப்பால் உள்ள பாடசாலைக்கு விடியுமுன் பேருந்தேறிச் செல்லும் பிள்ளை, ஓராண்டு ஒரு பாடசாலையிலும் அது மூடப்பட்டபின் மற்றொன்றிலும் கற்கும் பிள்ளை ஆகிய இவர்களைத் தரப்புள்ளியின் ஓரெழுத்துக்குள் அடக்குதல் இயலாது. மூடுதலாற் சராசரி ஏறிற்று என்னும் ஆய்வுமுடிபு உண்மையாயினும், மூடப்பட்ட பாடசாலையிற் பயின்ற பிள்ளைக்கு அது முடிபன்று, இடப்பெயர்வு. வெள்ளத்தால் ஒருமுறை பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளே இவ்வாறு மறுமுறையும் பெயர்ந்தனர்.

2024 ஆகத்தில் நகரக் கல்விச்சபை தானே நேராக நடத்தும் ஒரு பாடசாலையைத் திறந்தது. லீயா சேஸ் என்னும் புகழ்பெற்ற கறுப்பினச் சமையற்கலைஞரின் பெயரை அது தாங்கியுள்ளது. இனப்பிரிவினைக் காலத்தில் அவரது உணவகத்தின் மாடியறையிற் கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் ஒருங்கிருந்து உண்டு, சமவுரிமைப் போராட்டத்திற்குத் திட்டமிட்டனர். புதிய பாடசாலைக்கு வேண்டிய ஆசிரியரைச் சபையே நியமித்தது. பாடத்திட்டத்தையும் சபையே தெரிந்தது. அந்நகரத்துப் பெற்றோருள் இளையோர்க்கு இது கேள்விப்படாத புதுமையாகத் தோன்றிற்று.